பிட்னாவில் ஈட்டி வரிசை உடைந்தது எப்படி?

காரைக்குடி வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தில் கி.மு. 168-இல் நடந்த பிட்னா போரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஏறத்தாழ 6 மீட்டர் நீள ஈட்டிகளை நீட்டி நெருங்கி நின்ற மாசிடோனியக் காலாட்படையை, குறுவாள் ஏந்திய ரோமானியர்கள் எவ்வாறு வென்றனர்?

தேவகோட்டையிலிருந்து:
ஆச்சி, நேருக்கு நேர் மோதியபோது ரோமானியர்களால் அந்த ஈட்டிச் சுவரை ஊடுருவ இயலவில்லை என்பதே உண்மை. பின்வாங்கிய ரோமானியர்களைத் தொடர்ந்து மேடுபள்ளமான நிலத்தில் முன்னேறியபோதுதான் மாசிடோனிய வரிசையில் இடைவெளிகள் விழுந்தன. ரோமானியத் தளபதி எமிலியஸ் பவுலஸ், தம் வீரர்களைச் சிறுசிறு அணிகளாகப் பிரிந்து அந்த இடைவெளிகளில் புகுமாறு ஆணையிட்டார். உள்ளே நுழைந்த வீரனிடம் பெருங்கேடயமும் வாளும் இருக்க, எதிரியின் இரு கைகளும் ஈட்டியிலேயே சிக்கியிருந்தன. வாளைவிட அந்த அணிப் பிரிப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து:
ரோமானியரின் எறியீட்டியையும் மறந்துவிடக் கூடாது. அதன் மெல்லிய இரும்புத் தண்டு கேடயத்தைத் துளைத்து அதிலேயே தங்கிவிடுவதால், பல வேளைகளில் எதிரி கேடயத்தையே கைவிட நேர்ந்தது.

காரைக்குடி வாசகி:
மிக்க நன்றி. சமதரையாக இருந்திருந்தால் மாசிடோனியர் வென்றிருப்பார்களா?

தேவகோட்டையிலிருந்து:
வாய்ப்பு கூடியிருக்கும், ஆனால் உறுதியில்லை. கி.மு. 197-இல் சைனோசெஃபாலே போரில் அவர்களின் வலப்பக்கம் வென்றுகொண்டிருந்தபோதே, ரோமானிய அதிகாரி ஒருவர் 20 சிற்றணிகளைத் திருப்பிக் கொண்டுவந்து பின்புறமாகத் தாக்கினார். நீண்ட ஈட்டியோடு அவர்களால் திரும்பி நின்று போரிட முடியவில்லை.