இரு மடங்கு பிள்ளைகள் வருகிறார்களாம்

குழு: அம்மம்மா வளவு

பெரியம்மா (மாலை 6:12): பிள்ளைகள், கீழே அனுப்பியிருப்பதை வாசியுங்கள். நான் முடிவெடுத்துவிட்டேன். வியாழக்கிழமை மேசன் வருகிறார், மேலே இரண்டு அறை போடுகிறேன்.

பெரியம்மா (6:12): [வேறு குழுவில் இருந்து வந்தது] "நிலாவெளிப் பக்கம் வீடு வைத்திருப்போருக்கு நற்செய்தி! கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு இந்த முறை இரு மடங்கு மாணவர்கள். மாணவர் வாடகைக்குத் தங்கும் போடிங் அறைகளுக்குப் பெரும் தட்டுப்பாடு வரப்போகிறது. எல்லோருக்கும் பகிரவும்."

நான் (6:15): இதை எழுதியது யார் என்று எங்கும் இல்லையே பெரியம்மா.

பெரியம்மா (6:16): கோயிலடி குறூப்பில் வந்தது. அங்கே எல்லாரும் கை கூப்பியிருக்கிறார்கள்.

மாமி (6:18): மச்சாள், காசுக்கு என்ன வழி?

பெரியம்மா (6:19): கையில் கிடக்கும் காப்பு எதற்கு? அடகு வைத்தால் சுவர் எழும்பிவிடும்.

மாமி (6:20): உங்கள் தம்பி மீன் வெட்டிக்கொண்டு நிற்கிறார். கை கழுவிவிட்டு வரச் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை கம்பஸ் கணக்கோடு கிடந்த மனிதர், இதற்காவது உதவட்டும்.

சின்ன மாமா (6:41): அக்கா, காப்பைக் கழற்ற வேண்டாம். மேசனை ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கள்.

சின்ன மாமா (6:49): எத்தனை பிள்ளைகளை எடுப்பது என்று எந்த வளாகமும் தன் பாட்டில் முடிவெடுப்பதில்லை. பீடம் தன்னால் இத்தனை பேரைத் தாங்க முடியும் என்று எழுதும். அது மூதவை, பேரவை என்று பல்கலைக்கழகத்தின் இரண்டு சபைகளையும் தாண்டிக் கொழும்புக்குப் போகும். எண்ணைத் தீர்மானிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பிள்ளைகளைத் தெரிவு செய்வதும் அவர்களே: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கலைப் பிரிவுக்கு இந்த மாவட்டக் கணக்கு இல்லை. வளாகத்துக்கு வந்து சேர்வது பெயர்ப்பட்டியல் மட்டும்தான்.

தங்கச்சி (6:51): பின்தங்கியதில் எங்கள் மாவட்டமும் இருக்கிறதா மாமா?

சின்ன மாமா (6:52): ஓம் பிள்ளை. 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று.

சின்ன மாமா (6:58): அக்காவுக்குத் தேவையானது இதுதான். பட்டியலில் இருப்பது ஒரு எண். பதிவு செய்வது அதைவிடக் குறைந்த எண். சிலர் இன்னொரு தரம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதி நல்ல துறை எடுக்கலாம் என்று நிற்பார்கள், சிலர் வெளிநாடு போய்விடுவார்கள். அந்த வெற்றிடங்களை ஆணைக்குழு திரும்ப நிரப்பும், அதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். பிந்தி வருகிற பிள்ளை தொடக்கப் பாடங்களைத் தவறவிட்டுவிட்டு முழிக்கும். மூன்று மாதம் கழித்து வரவுப் பதிவேட்டில் இருப்பது வேறொரு எண். விடுதியில் இடம் கிடைத்தவர்களை அதில் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் உங்கள் மேல்மாடிக்கு வரும்.

பெரியம்மா (7:00): இரு மடங்கு என்று சும்மாவா எழுதுவார்கள்?

சின்ன மாமா (7:05): அந்தக் கதை எங்கே முளைத்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. 2023ஆம் ஆண்டுக்கான ஏ.எல். நடந்தது 2024 ஜனவரியில். 2024க்கானது தொடங்கியது அதே 2024 நவம்பரில். ஒரே ஆண்டுக்குள் இரண்டு பரீட்சை. பிந்திப் போன காலத்தைப் பிடிக்க அப்படிச் செய்தார்கள், அது சரிதான். ஆனால் இரண்டு தொகுதிப் பிள்ளைகள் நெருங்கி நெருங்கி உள்ளே வரும்போது, பார்க்கிறவனுக்கு இரு மடங்கு போலத்தான் தெரியும். அது ஒரு வீக்கம், அந்தத் தொகுதிகள் வெளியேற வடிந்துவிடும். காப்பு அடகில் கிடக்கும், அறை வெறுமையாகக் கிடக்கும்.

அத்தான் (7:08): அப்படியென்றால் அந்த நெருக்கத்துக்குக் காசும் கூடத் தர வேண்டுமே மாமா? நேற்று யாரோ ஒருவர், வளாகங்களுக்குக் கோடிகோடியாக வருகிறது, விடுதிதான் கட்டுகிறார்கள் இல்லை என்று எழுதியிருந்தார்.

சின்ன மாமா (7:09): எழுதுகிறவர்களுக்குக் கையெழுத்துப் போடும் வேலை இல்லைதானே.

சின்ன மாமா (7:21): காசு இரண்டு தலைப்பில் வரும் தம்பி. மீண்டெழும் செலவு ஒன்று: சம்பளம், கரண்ட், தண்ணீர், காவல், துப்புரவு. மூலதனச் செலவு மற்றது: கட்டடம், ஆய்வுகூடக் கருவி, தளபாடம். முதலாவதில் பெரும்பங்கு சம்பளம், அதில் கைவைக்க முடியாது. ஒன்றில் மிஞ்சியதை நினைத்தவுடன் மற்றதில் போடவும் முடியாது. பிள்ளைகள் கூடினால் அந்த மாதமே ஏறுவது கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் வருகை விரிவுரையாளர் கொடுப்பனவும். ஆனால் அந்த ஆண்டுக்கான மதிப்பீட்டை எழுதிக் கொடுத்தது முந்திய ஆண்டின் நடுப்பகுதியில். அப்போது எத்தனை பேர் வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கலியாணத்துக்கு அழைப்பு எழுதுகிறவர் ஒருவர், அரிசிக்குக் காசு கொடுக்கிறவர் இன்னொருவர், அடுப்படியில் நிற்கிறவருக்கு இருவரும் முகம் கொடுப்பதில்லை. அந்த அடுப்படிதான் வளாகம்.

மாமி (7:22): வீட்டு அடுப்படிக்கு இவர் வந்ததே இன்றைக்குத்தான்.

சின்ன மாமா (7:34): மூலதனக் காசின் கதை இன்னும் பொல்லாதது. எங்கள் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஒதுக்கீடு என்று புத்தகத்தில் இருக்கிற தொகை வேறு, திறைசேரி கைக்கு விடுகிற தொகை வேறு. அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோர வேண்டும், நான் இருந்த காலத்து வழிகாட்டியில் தேசிய மட்டக் கேள்வி என்றால் குறைந்தது 21 நாட்கள் விட வேண்டும். பிறகு தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, கொள்முதல் குழு, ஆட்சேபம் இருந்தால் அதற்கும் காலம். ஒப்பந்தக்காரர் மண்வெட்டியோடு வந்து இறங்கும்போது ஆவணி ஆகிவிடும். ஒக்டோபரில் எங்களுக்கு மாரி. தென்மேற்கில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. அத்திவாரக் கிடங்கில் தண்ணீர் நிற்கும், கொங்கிறீட் போட முடியாது, டிசம்பர் 31 வந்தால் செலவழிக்காத ஒதுக்கீடு போய்விடும். முடித்த வேலைக்கு அந்த ஆண்டில் காசு கொடுக்க முடியாமல் போனால், அந்தப் பில் அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டில் முதல் ஆளாக வந்து உட்காரும்.

அத்தான் (7:37): 2025இல் பட்ஜெட்டே பெப்ரவரியில்தானே வந்தது.

சின்ன மாமா (7:39): ஓம், பெப்ரவரி 17. முதல் நான்கு மாதமும் இடைக்காலக் கணக்கில் ஓடியது. அப்படியான ஆண்டில் ஓடுகிற வேலை ஓடும், புது வேலைக்கு மே மாதம் வரை வாய் திறக்க முடியாது. மாரிக்கு முன் மிஞ்சுகிற மாதங்களை நீயே எண்ணிப் பார்.

மாமி (7:41): டிசம்பரில் இவருடைய முகத்தை வீட்டில் கண்டதில்லை. நத்தார், புதுவருடம் எல்லாம் நானும் பிள்ளைகளும்தான்.

அத்தான் (7:44): ஒரு கேள்வி. எங்கள் வளாகம் 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தது, 2001இல் வளாகம் ஆனது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. தனியாகப் போனால் இந்தத் தலையிடி குறையுமா?

சின்ன மாமா (7:50): ஒரு படி குறையும். இப்போது வளாகத்துக்கு முதல்வர் இருக்கிறார், ஆனால் துணைவேந்தரும் பேரவையும் மட்டக்களப்புப் பக்கம், வந்தாறுமூலையில். வளாகத்தின் மதிப்பீடு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டுக்குள் போய்த்தான் கொழும்பு போகும். தனியானால் நேரே போகும். ஆனால் தனியாகப் பதிவாளர், நிதியாளர், நூலகர் என்று ஆளணி வேண்டும், அந்த ஆளணிக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு ஓர் ஆளை எடுப்பதே பெரும்பாடு, போன விரிவுரையாளர்களின் இடத்தை நிரப்பவே வருடங்கள் போயின. பெயர்ப்பலகை மாறினால் போதும் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ரொறன்ரோ அண்ணா (இரவு 8:32): இங்கே வேலையிடத்தில் இடைவேளை, எல்லாவற்றையும் இப்போதுதான் வாசித்தேன். மாமா, நானும் நண்பர்களும் சேர்ந்து அம்மப்பா பெயரில் ஒரு மண்டபம் கட்டிக் கொடுக்கலாம் என்று கதைத்திருக்கிறோம். யாரைப் பிடிக்க வேண்டும்?

பெரியம்மா (8:33): என் மகன்!

சின்ன மாமா (8:46): நல்ல மனம் மருமகன். கட்டடம் தருகிறவர்கள் எப்போதும் கிடைப்பார்கள், அதன் கரண்ட் பில்லைத் தருகிறவர்கள்தான் இல்லை. மண்டபம் திறந்த மறுநாள் அதற்கு ஒரு காவலாளி, ஒரு துப்புரவுத் தொழிலாளி, ஐந்தாறு வருடத்தில் பெயின்ட். எல்லாம் மீண்டெழும் செலவில் போய் விழும், அந்தத் தலைப்பில் வருகிற காசு அதற்காக ஏறாது. நான் வேலை செய்த ஓரிடத்தில் அப்படி ஒரு மண்டபத்தை வருடத்தில் இரண்டு நாள் திறந்தார்கள், மிச்ச நாள் பூட்டு.

ரொறன்ரோ அண்ணா (8:48): அப்போது என்ன செய்யலாம்?

சின்ன மாமா (8:57): முதலில் அவர்களுடைய வருடாந்தச் செயற்திட்டத்தைக் கேட்டு வாங்கு. அதில் முன்னுரிமை என்று ஒரு நிரல் இருக்கும். அந்த நிரலைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். அதே இடத்தில் ஒரு வருடம் பீடங்களிடம் இருந்து வந்த படிவத்தை நான்தான் தொகுத்தேன். எல்லாவற்றுக்கும் நேரே 1 என்று போட்டிருந்தார்கள். ஏ.சி.க்கு 1, நுணுக்குக்காட்டிக்கு 1, வாசலில் வைக்கிற பெயர்ப்பலகைக்கும் 1. ஒரு படிவத்தில் யாரோ 2 என்று எழுதி, வெட்டி, 1 ஆக்கியிருந்தார்கள், மை கூடக் காயவில்லை. அப்போதிருந்த முதல்வர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பி, ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னார்: இது இந்த வருடம் கிடைக்காவிட்டால் எந்தத் தொகுதியின் எந்தப் பாடம் நிற்கும்? பெயர்ப்பலகை தானாக விழுந்தது. நுணுக்குக்காட்டி நிரலில் நிலைத்தது. ஏ.சி.க்குத்தான் இரண்டு கூட்டம் வாக்குவாதம், ஏனென்றால் சேர்வர் இருந்த அறை அது.

சின்ன மாமா (9:02): பிள்ளைகளின் எண்ணும் காசும் வெளியில் முடிவாகிற இடத்தில், உள்ளே இருக்கிறவர்களின் கையில் மிஞ்சுவது இந்த வரிசை ஒன்றுதான். மாரிக்கு முன் முடிக்க வேண்டிய கூரை வேலை மேலே வர வேண்டும். ஓகஸ்டில் வாங்கினாலும் பரவாயில்லை என்கிற கதிரை மேசை கீழே போக வேண்டும். ஒரு பீடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டுவது என்றால் கதிரையோடு முடியாது, ஆய்வுகூடத்தில் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். வரிசையைச் சரியாகப் போட்டவர்களைப் பாராட்டி எந்தக் குறூப்பிலும் செய்தி வராது, திறப்பு விழாவுக்குத்தான் வரும்.

ரொறன்ரோ அண்ணா (9:05): சரி, மண்டபம் வேண்டாம். பிள்ளைகளுக்கு நேரே உதவலாமா? மகாபொல உதவிப்பணம் மாதிரி?

சின்ன மாமா (9:11): மகாபொல 1981இல் சட்டம் போட்டு அமைத்த தனி நிதியம், வளாகத்தின் வரவுசெலவில் சேராது. நீங்கள் கொடுப்பது நன்கொடையாகப் பேரவைக்குப் போய், ஏற்றுக்கொண்டு, குறித்த நோக்கத்துக்கான நிதியாகத் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். முதலை வைப்பில் போட்டு வட்டியில் கொடுக்கலாம். எதற்கென்று தெளிவாக எழுதுங்கள். மகாபொலக் கொடுப்பனவு பிந்துகிற மாதத்தில் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் என்றால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பெரியம்மா (9:14): அது உண்மை. என்னிடம் இருந்த பதுளைப் பிள்ளை ஒன்று இரண்டு மாத வாடகை பிந்தித்தான் தந்தது. நான் கேட்கவில்லை, அதுவாகவே உறையில் போட்டுக் கொண்டுவந்து தந்தது.

பெரியம்மா (9:15): சரி தம்பி, என் அறைக்கு என்ன முடிவு?

சின்ன மாமா (9:19): நாளைக்குப் போய் மாணவர் நலன்புரிப் பிரிவில் கேளுங்கள். எந்த வருடப் பிள்ளைகளுக்கு விடுதி கொடுக்கவில்லை, அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால் போதும். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மேசனோடு கதையுங்கள்.

பெரியம்மா (9:22): மேசனுக்கு முற்பணம் கொடுத்தாயிற்றே. அவரைச் சும்மா விட முடியாது. கீழே ஒரு குளியலறை போடுகிறேன், நாலு பேருக்கு ஒன்று என்று போடிங் பிள்ளைகள் காலையில் சண்டை பிடிக்கிறார்கள். காப்புக்கு வேலை இல்லை, சீட்டுக் காசு போதும்.

மாமி (9:23): அதைச் செய்யுங்கள் மச்சாள்.

தங்கச்சி (9:25): மாமா, எனக்கும் ஒன்று. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் யூனிகோட் (எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்கிற குறியீடு) வரிசையாகப் போட வேண்டும். சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும்தானே இருக்கிறது. வெட்டுப்புள்ளி குறைந்ததை முதலில் போட்டால் கிடைக்க வாய்ப்புக் கூடுமா?

சின்ன மாமா (9:30): கூடாது. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள், ஏ.எல். பெறுபேற்றில் வந்த உன் இசட் புள்ளி எட்டுகிற முதலாவது துறையில் போட்டுவிடுவார்கள், கீழே இருப்பதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் விருப்பத்தின்படி எழுது, பயத்தின்படி எழுதாதே. கீழே நாலைந்து கூடுதலாகப் போட்டாலும் நட்டமில்லை, ஆனால் கிடைத்தால் போக மாட்டேன் என்பதைப் போடாதே. அப்படிப் போட்டவர்களால்தான் வெற்றிடப் பட்டியல் நீளுகிறது.

தங்கச்சி (9:32): அப்படியென்றால் யாழ்ப்பாணம் முதலில். ஐந்து வருடமும் வீட்டில் இருந்து போய்வர எனக்கு விருப்பமில்லை.

அம்மா (9:32): நானும் இந்தக் குறூப்பில்தான் இருக்கிறேன்.