வார்த்தையற்ற ஜெபமும் ஜெபந்தானா?

அமைதிநாடி:
‘வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்’ என்று மத்தேயு 6:7இல் ஆண்டவர் எச்சரித்திருந்தும், நாம் ஒரே விண்ணப்பத்தை நான்கு விதமாகச் சொல்லி, இடைவெளிகளை ஸ்தோத்திரத்தால் நிரப்புகிறோம். நம் தேவைகளைப் பிதா முன்னமே அறிந்திருக்கிறார் என்று அடுத்த வசனமே சொல்லும்போது, சங்கீதம் 46:10 சொல்வதுபோல் அவர் சமுகத்தில் வெறுமனே அமர்ந்திருப்பது ஏன் ஜெபமாகாது?

வசனதாசன்:
நீங்கள் காட்டும் சங்கீதம் ஜெபமுறையைப் பற்றியதே அன்று. வில்லை ஒடித்து ஈட்டியை முறிக்கிற தேவன், கொந்தளிக்கும் ஜாதிகளுக்கு இடும் கட்டளை அது. மத்தேயுவிலும், அலப்புதலைக் கண்டித்த கையோடு ஆண்டவர் கற்றுக்கொடுத்தது மௌனத்தை அல்ல, ‘எங்கள் பிதாவே’ என்று தொடங்கும் சொற்களைத்தான். ஆத்துமா எதையும் கேளாமல் செயலற்றுக் கிடப்பதே மேலான நிலை என்று போதித்த ஸ்பானியக் குரு மிகேல் தெ மோலினோஸின் 68 கூற்றுகளை 1687இல் பாப்பரசர் பதினோராம் இன்னொசென்ட் கண்டனம் செய்தார். ரோமாபுரியோடு நான் உடன்படும் இடங்கள் அரிது; இது அவற்றில் ஒன்று.

திருப்பாடல் வாசகர்:
மோலினோசைக் காட்டி மௌனம் முழுவதையும் தள்ளிவிட முடியாது, சகோதரரே. மனத்தின் ஓட்டத்தைச் சுயமுயற்சியால் நிறுத்தப் பார்க்காதீர்கள் என்று அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எச்சரித்த ஸ்பெயினின் அவிலா நகர்த் துறவி புனித தெரேசாதான், இறைவன் தாமாகத் தரும் உள்ளமைதியையும் விரிவாக எழுதினார். அவருக்கும் வெகுகாலம் முன்பு, 5ஆம் நூற்றாண்டில் யோவான் காசியான் என்ற துறவி, எகிப்தியத் துறவி ஈசாக்கின் போதனையாக ஒரு வழியைப் பதிவுசெய்தார்: ‘கடவுளே, என்னை விடுவித்தருளும், ஆண்டவரே, எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும்’ என்ற திருப்பாடல் (சங்கீதம்) 70இன் முதல் வரியை எந்நேரமும் சொல்லிக்கொண்டிருப்பது. உண்டி ஆசை எழுந்தாலும், சினம் மூண்டாலும், வாசிக்கும்போது தூக்கம் மேலிட்டுத் தலை ஏட்டின்மேல் கவிழ்ந்தாலும் அந்த ஒரே வரிதான். சொற்கள் குறையக் குறைய மனம் ஒருமுகப்படும் என்பதே அதன் உட்பொருள்.

வசனதாசன்:
அந்த வரியும் ஒரு விண்ணப்பமே என்பதைக் கவனியுங்கள். அதில் கேட்பவனும் இருக்கிறான், கேட்கப்படுகிறவரும் இருக்கிறார். ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசி கேட்ட மெல்லிய சத்தத்தை மௌனத்திற்குச் சான்றாக எடுப்பவர்களும், அதன் பின் தேவன் கேள்வி கேட்டதையும் அவன் வாய்திறந்து பதில் சொன்னதையும் விட்டுவிடுகிறார்கள்.

அமைதிநாடி:
எலியா சொன்ன பதிலையும் சேர்த்தே வாசியுங்கள். 1 இராஜாக்கள் 19இல், 10ஆம் வசனத்தில் முறையிட்டதையே 14ஆம் வசனத்திலும் அவன் திரும்பச் சொல்கிறான். புதிதாகச் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை, ஆனாலும் தேவன் அவனைத் தள்ளிவிடவில்லை. ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாத நமக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்வதை எங்கே வைப்பீர்கள்?

வசனதாசன்:
துக்கத்தில் நாவெழாதவனுக்கான ஆறுதலாக அதை வைப்பேன். பேசக்கூடியவன் பேசாதிருப்பதை ஒரு பயிற்சியாக்கி, அதை ஜெபத்தின் உயர்ந்த படி என்று அழைப்பதைத்தான் இன்னும் மறுக்கிறேன்.