டயமாக்ஸ் ஊசி போட்டும் மூளை ரத்த ஓட்டம் ஏறவில்லை, எங்கே தவறு? (அவசரம்)

ஆய்வு_மாணவன்
வணக்கம். மருந்துக்கு முன்னும் பின்னும் ஏஎஸ்எல் (கழுத்தில் ரத்தத்துக்கு அடையாளம், அதாவது லேபிள் போட்டு மூளை ஓட்டத்தை அளக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுத்து ஒப்பிடுகிறேன். டயமாக்ஸ், அதாவது மூளை ரத்த நாளங்களை விரிக்கும் அசிட்டசோலமைடு கொடுத்தால் ஓட்டம் 30 முதல் 50 சதவீதம் வரை ஏறும் என்றுதான் படித்தேன், ஆனால் எனக்கு 6 பேரின் சராசரி வெறும் 12 சதவீதம், ஒருவருக்கு இறங்கியே போயிருக்கிறது. எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். வியாழக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். மருந்து வேலை செய்யவில்லையா, என் கணக்கு தவறா?

நரம்பு_வாசகி
மாத்திரையா ஊசியா? எத்தனை மில்லிகிராம், போட்டு எத்தனை நிமிடம் கழித்து எடுத்தீர்கள்? ஸ்கேனர் காந்தம் 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா? லேபிள் போட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? இதெல்லாம் இல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

காலை_ஷிப்ட்
காபி குடித்துவிட்டு வந்தார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டு கப் காபியே ஓட்டத்தை 20, 25 சதவீதம் இறக்கிவிடும். தினமும் குடிப்பவரை அன்று மட்டும் நிறுத்தச் சொன்னால் அடிப்படை அளவு ஏறி நிற்கும், அப்புறம் மருந்து ஏற்றுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? எங்கள் ஆய்வில் இப்படித்தான் 2 மாத உழைப்பு வீணானது.

சுழல்_மூத்தவர்
தம்பி, பட்டனைத் தட்டினால் எண் கொட்டுகிற வேலை இல்லை இது. கழுத்தில் ரத்தத்தின் புரோட்டான்களைத் திருப்பிவிட்டு, அது மூளைக்குப் போய்ச் சேரும் வரை காத்திருந்து எடுக்கிறோம். கிடைக்கும் வித்தியாசம் மொத்த சிக்னலில் 1 சதவீதம்கூட இருக்காது. 2015ல் வந்த ஒருமித்த பரிந்துரைக் கட்டுரையை ஒரு தடவையாவது படித்தாயா? அதில் லேபிளிங் திறன் (ரத்தம் எந்த அளவுக்குச் சரியாகத் திரும்புகிறது என்பது) 0.85 என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கும், எல்லாரும் அதை அப்படியே போட்டுவிடுவார்கள். மருந்து ஏறியதும் கழுத்து நாளத்தில் ரத்தம் வேகமாக ஓடும், வேகம் கூடினால் திறன் குறையும், நீ இரண்டு ஸ்கேனுக்கும் ஒரே 0.85 போட்டால் ஏற்றம் குறைவாகத்தான் தெரியும். கழுத்தில் ஃபேஸ் காண்ட்ராஸ்ட் (நாளத்தில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் எம்ஆர்ஐ) எடுத்து மொத்த ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்.

ஆய்வு_மாணவன்
1 கிராம், நரம்பு வழி ஊசி. 15 நிமிடம் கழித்து எடுக்க ஆரம்பித்தேன். 3 டெஸ்லா, லேபிள் 1800 மில்லிசெகண்டு, காத்திருப்பும் 1800. காபி 12 மணி நேரமாக இல்லை. கட்டுரை படித்தேன் சார். ஃபேஸ் காண்ட்ராஸ்ட் எடுக்கவில்லை.

கிராமத்து_டாக்டர்
இவ்வளவு கஷ்டம் எதற்கு? தலையில் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் வைத்தால் 5 நிமிடத்தில் தெரிந்துவிடும், செலவும் இல்லை.

நரம்பு_வாசகி
டாப்ளர் வேகத்தை அளக்கும், ஓட்டத்தை அளக்காது. நடு மூளைத் தமனி விரிந்துவிட்டால் வேகம் மாறாமலேயே ஓட்டம் கூடும்.

கிராமத்து_டாக்டர்
தமனி அவ்வளவாக விரியாது என்று நம்பித்தான் உலகம் முழுவதும் 30, 40 வருடமாக டாப்ளர் பார்க்கிறோம். நோயாளியின் பக்கத்தில் நின்று நொடிக்கு நொடி பார்க்க வேறு எது இருக்கிறது?

சுழல்_மூத்தவர்
நம்பிக்கையை வைத்து அளவு சொல்லக் கூடாது. 1940களில் கெட்டியும் ஷ்மிட்டும் நைட்ரஸ் ஆக்சைடை முகரவைத்து, தமனியிலும் கழுத்துச் சிரையிலும் ரத்தம் எடுத்து, 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 54 மில்லி என்று கண்டார்கள். எண் என்றால் அப்படி வர வேண்டும். இன்றைக்கு ஆக்சிஜன்-15 என்ற கதிரியக்க ஆக்சிஜன் உள்ள நீரை வைத்து பெட் (PET) ஸ்கேன் எடுப்பதுதான் தங்க அளவுகோல்.

கிராமத்து_டாக்டர்
அதன் அரை ஆயுள் 2 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் வளாகத்திலேயே வேண்டும். எத்தனை ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள்.

வார்டு_அக்கா
நடுவில் ஒன்று கேட்கிறேன். எல்லாரிடமும் சல்பா ஒவ்வாமை இருக்கிறதா என்று விசாரித்தாயா தம்பி? ஊசி போட்ட பிறகு எப்படி இருந்தார்கள்?

ஆய்வு_மாணவன்
கேட்டோம் அக்கா, யாருக்கும் இல்லை. ஊசி போட்டதும் விரல் நுனியும் உதட்டோரமும் மதமதவென்று இருக்கிறது என்றார்கள், அவ்வளவுதான். 4 பேருக்குச் சிறுநீர் முட்டியதால் மேசையை வெளியே இழுத்து, போய்வந்ததும் மறுபடி படுக்கவைத்து எடுத்தேன்.

காயில்_காரன்
இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? எம்-ஜீரோ, அதாவது லேபிள் போடாமல் அளவுகோலுக்காக எடுக்கும் படம், எத்தனை தடவை எடுத்தீர்கள்?

ஆய்வு_மாணவன்
மருந்துக்கு முன் ஒரு தடவை. அதையே இரண்டுக்கும் பயன்படுத்தினேன், 1 நிமிடம் மிச்சமாகுமே என்று.

காயில்_காரன்
அங்கேதான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓட்டம் என்பது லேபிள் போட்ட படத்துக்கும் போடாத கண்ட்ரோல் படத்துக்கும் உள்ள வித்தியாசப் படத்தை எம்-ஜீரோவால் வகுத்து வருவது. ஆளை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட்டால் ஸ்கேனர் தன் முன்தயாரிப்பைப் புதிதாகச் செய்யும், சில ஸ்கேனர்களில் ரிசீவர் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மாறிவிடும், சிக்னலைப் பிடிக்கும் காயிலுக்குள் தலை இருக்கும் இடமும் மாறும். அப்புறம் மேலே ஒரு அளவுகோல், கீழே வேறு அளவுகோல். ஒருவருக்கு 12 சதவீதம் வந்தாலும் இறங்கினாலும் அதற்கு அர்த்தமே இல்லை. லேபிளிங் தளமும் நகர்ந்திருக்கும், கழுத்து நாளம் வளையும் இடத்தில் விழுந்ததா என்று பாருங்கள். எழுந்து போகாத அந்த 2 பேரின் எண்ணை மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

ஆய்வு_மாணவன்
34, 29. மற்ற நால்வர் 8, 7, 5, கழித்தல் 11. சராசரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காயில்_காரன்
சரி, மருந்து வேலை செய்திருக்கிறது. அந்த நால்வரின் படக் கோப்பின் தகவல் பகுதியில் கெயின் எண் இருக்கிறதா பாருங்கள். அந்த ஸ்கேனில் பின்னணியை (அசையாத மூளைத் திசுவின் சிக்னலை) அடக்கி எடுத்திருந்தால் கண்ட்ரோல் படத்தை எம்-ஜீரோவாக வைத்துச் சமாளிக்க முடியாது.

காலை_ஷிப்ட்
இருந்தாலும் காபியை விட்டுவிடாதீர்கள். வழக்கமாக எத்தனை கப் என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்குங்கள்.

சுழல்_மூத்தவர்
என் கணக்கும் நிற்கிறது. 34 வந்தவருக்கு உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே ஏறியிருக்கும். ஃபேஸ் காண்ட்ராஸ்ட் எடு.

ஆய்வு_மாணவன்
4 பேருக்கும் கெயின் மாறியிருக்கிறது. 2 பேரின் முடிவை மட்டும் வழிகாட்டியிடம் காட்டினேன், மற்ற நால்வரை மறுபடி அழைக்கச் சொல்லிவிட்டார். உள்ளே போகும் முன்பே சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வேன், இரண்டு தடவையும் எம்-ஜீரோ, கழுத்தில் ஃபேஸ் காண்ட்ராஸ்டும் எடுப்பேன். நன்றி எல்லாருக்கும்.