வெயில் காலத்தில் பவளங்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன, எங்கே தப்பு செய்கிறேன்?

வேளச்சேரி ரீஃப்

வணக்கம். கடல்நீர்த் தொட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறது. மூன்றடித் தொட்டி, கல்லும் மணலும் போக 160 லிட்டர் தண்ணீர் இருக்கும். இரண்டு க்ளவுன் மீன், ஒரு டோட்ஸ்டூல் லெதர், கொஞ்சம் ஸோவா, நாலைந்து மஷ்ரூம், மூன்றும் மெதுவான உடம்புள்ள பவள வகைகள். மார்ச் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது சில நாளாக லெதர் தலையைத் திறக்கவே இல்லை, மேலே மெழுகு பூசிய மாதிரி பளபளவென்று ஒரு தோல் படிந்திருக்கிறது, ஸோவாவும் மொட்டு மொட்டாக மூடிக்கொண்டு நிற்கிறது. மதியம் நான்கு மணிக்குத் தண்ணீர் 30.5 டிகிரி, காலையில் 28. பத்து நாளுக்கு முன்பே, சூடு தாங்காதே என்று நினைத்து மேலே இரண்டு ஃபேன் வைத்தேன். அதிலிருந்து தினமும் மூன்று லிட்டர் போல ஆவியாகிப் போகிறது. உப்புக் கரைத்து வைத்திருக்கும் தண்ணீரை எடுத்து அன்றன்றே ஊற்றிச் சரிசெய்துவிடுகிறேன். அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 10. உப்பு அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.026 காட்டுகிறது, அது சரியான அளவுதான்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கல்லில் பாசி ஏறிவிட்டது, அந்த ஒரு கல்லை மட்டும் வெளியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பப் போடலாமா? தெரிந்த ஒருவர் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து மான்கொம்புப் பவளம் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? வீட்டில் என் பெண் தினமும் லெதரைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள், அது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

உப்புத்தண்ணீர்

முதலில் அந்தக் கல்லைக் கொதிக்கவைக்க வேண்டாம், தயவுசெய்து. ஸோவா இருக்கும் தொட்டியின் கல்லைக் கொதிக்கவைத்தால் பாலிடாக்சின் என்ற விஷம் ஆவியோடு சேர்ந்து வரும். அப்படி ஆவியை முகர்ந்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. வெறும் கையால் தேய்க்கவும் வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு வாளித் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே கல்லை வைத்து, ஸோவா இல்லாத பக்கத்தை மட்டும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும்.

சரி, இப்போது லெதர். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்தால் மூன்று லிட்டருக்கு 105 கிராம் உப்பைத் தினமும் கூடுதலாக உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பத்து நாளில் ஒரு கிலோ! 160 லிட்டரில் ஒரு கிலோ என்றால் 35-ல் இருந்த உப்பு 41-க்கு மேலே போயிருக்கும். 1.026 காட்டுகிறதே என்பீர்கள். அந்தப் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரின் முள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், அந்தக் கனத்தில் முள் மேலே எழும்பாமல் குறைத்துக் காட்டும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நேர்மாறாகக் கூட்டிக் காட்டும். ஒளியை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள், 35 பிபிடி (லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு) கரைசலை வைத்து அளவைச் சரிசெய்துவிட்டுப் பாருங்கள்.

அளவு ஏறியிருந்தால் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள், அது இன்னும் மோசம். தினமும் நான்கு லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள், நாளுக்கு ஒரு பிபிடி இறங்கும். ஆவியாகும் மூன்று லிட்டருக்கும் இனிமேல் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான். கார்ப்பரேஷன் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம், அதிலிருக்கும் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்குச் சாப்பாடு.

லெதர் மேலே படியும் தோலைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தானாகவே உரிக்கிற தோல். தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் சீக்கிரம் கழன்று போகும்.

அண்ணாநகர் சம்ப்

உப்பைப் பற்றி மேலே சொல்லிவிட்டார். சூட்டைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் இரண்டு டிகிரி இறக்கினாலே பெரிய விஷயம். மே மாதம் தாங்காது, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லருக்கு இப்போதே பணம் சேர்த்து வையுங்கள். அதுவரைக்கும் விளக்கு எரியும் நேரத்தை மாற்றுங்கள். நான் மாலை ஐந்து மணிக்குப் போட்டு இரவு பன்னிரண்டுக்கு அணைக்கிறேன், வெயிலின் சூடும் விளக்கின் சூடும் ஒன்றாகச் சேராது, பவளத்துக்குப் பகல் எது இரவு எது என்பது விளக்குதான். வேலை முடிந்து வந்து பார்க்கவும் நமக்கு வசதி.

அப்புறம் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், ஓட்டமும் நின்றால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எனக்கு ஒரு ஜூன் மாத இரவில் ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை, காலையில் எழுந்து பார்த்தால் மூன்று மீன் அடியில் கிடந்தது, அதிலொன்று நான்கு வருடம் என் கையிலிருந்து சாப்பிட்டது. அன்றைக்கே ஒரு வேவ்மேக்கரை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தேன். பத்து வாட்கூட இழுக்காது, விடியவிடிய ஓடும். அதன் முகம் தண்ணீரின் மேல்பரப்பைப் பார்த்து இருக்க வேண்டும்.

முயல்தீவு

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் அந்த மான்கொம்புப் பவளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாங்காதீர்கள் அண்ணா. மான்கொம்பு உட்படக் கல் பவளம் எல்லாமே 2001-லிருந்து 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. செத்த துண்டை வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்தான். கடல்குதிரையும் அதே பட்டியல், யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் அதையும் மறுத்துவிடுங்கள்.

சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அங்கே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சமிருக்கும் பவளம் 1998, 2010, 2016 என்று சூட்டில் வெளுத்து வெளுத்து மீண்டு வந்திருக்கிறது, அதில் முதலில் சாவது இந்த மான்கொம்புதான். கடலிலேயே தாங்காததை 30.5 டிகிரித் தொட்டியில் போட்டால் எலும்பு மாதிரி வெள்ளையாகிவிடக்கூடும். உங்கள் பெண்ணுக்குப் புதிதாக ஏதாவது காட்ட வேண்டுமென்றால் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த மீன் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்து வளர்க்கும் முறையை எப்போதோ கொண்டுவந்துவிட்டார்கள். கடலிலிருந்து பிடித்த மீனைவிட அது நன்றாகச் சாப்பிடும்.

வேளச்சேரி ரீஃப்

எல்லோருக்கும் நன்றி. ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிப் பார்த்தேன், 41. முள்ளில் நிஜமாகவே உப்பு அப்பியிருந்தது. நான்கு நாளாக ஆர்ஓ தண்ணீர் மாற்றுகிறேன், இன்று காலை 37. கல்லைக் கொதிக்கவைக்கவில்லை, பவளம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், அது சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன். விளக்கும் மாலைக்கு மாறிவிட்டது. நேற்று இரவு லெதரின் தோல் ஒரு ஓரத்தில் கிழிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் மட்டும் பூ மாதிரி ஏழெட்டு பாலிப் வெளியே எட்டிப் பார்க்கிறது. இன்வெர்ட்டரில் எந்த லைனில் இணைப்பது என்று எலக்ட்ரீஷியனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.