டெக்சஸில் எடுத்த துப்பாக்கி உரிமம் நியூஜெர்சியில் செல்லுமா?

உட்லண்ட்ஸ் அக்கா:
அனைவருக்கும் வணக்கம். கிரீன் கார்டு வைத்திருக்கும் என் தம்பி ஹூஸ்டனில் இரவு நேரப் பெட்ரோல் நிலையம் ஒன்றை நடத்தி வந்ததால், கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான டெக்சஸ் உரிமத்தை முறையாகப் பெற்றிருக்கிறான். அடுத்த மாதம் குடும்பத்தோடு நியூஜெர்சியின் எடிசனுக்குக் குடிபெயர்கிறான். வெளிநாட்டு வாகன உரிமம் உள்ளவர்கள் இங்கே சிங்கப்பூரில் அடிப்படைத் தேர்வு எழுதி அதை மாற்றிக்கொள்வதைப் போல, இதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறான். அது சரிதானா? டிசம்பரில் அம்மாவைப் பார்க்கச் சிங்கப்பூர் வரவும் இருக்கிறான்.

எடிசன்வாசி:
மாற்றுவதற்கு வழியே இல்லை, அக்கா. இந்த உரிமத்தை அந்தந்த மாநிலமே வழங்குகிறது. அடுத்த மாநிலம் அதை ஏற்பதும் மறுப்பதும் அதன் விருப்பம். புளோரிடா, தான் ஏற்கும் மாநிலங்களிலிருந்து குடிவருவோருக்கு 90 நாள் அவகாசம் தருகிறது. நியூஜெர்சியோ எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை என்பதால், எல்லையைத் தாண்டிய பிறகு துப்பாக்கி இடுப்பில் இருந்தால் உங்கள் தம்பியின் டெக்சஸ் அட்டை அவரைக் காப்பாற்றாது.

அவர் உள்ளூர்க் காவல்துறை வழியாகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தனிப்பட்ட ஆபத்து இருப்பதாக நிரூபிக்க வேண்டிய பழைய நிபந்தனை, 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. ஆனால் உறவினர் அல்லாத நான்கு பேரின் பரிந்துரையும் சுடும் பயிற்சித் தேர்ச்சியும் தேவை. ஊருக்குப் புதியவருக்கு அந்த நான்கு பேரைத் தேடுவதுதான் உண்மையான தலைவலி. இது தவிர, குடியேறிய 60 நாள்களுக்குள் துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, கொண்டுவந்த கைத்துப்பாக்கியையும் பதிவு செய்ய வேண்டும். நுனியில் குழி உள்ள ‘ஹாலோ பாயிண்ட்’ தோட்டாக்கள் டெக்சஸில் சாதாரணம். இங்கே அவற்றை வீட்டில் வைத்திருக்கலாமே தவிர, வெளியே ஏந்திச் செல்லக் கூடாது.

நெடுஞ்சாலை நண்பர்:
காரில் போவதாக இருந்தால் வழியையும் பார்க்கச் சொல்லுங்கள். மேரிலாந்தும் பிற மாநில உரிமங்களை ஏற்பதில்லை. தோட்டாக்களை நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்து, பெட்டியைக் காரின் பின்புறச் சரக்கறையில் வைப்பதுதான் பாதுகாப்பு. முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறை, பூட்டு இருந்தாலும், கணக்கில் வராது. வீடு மாறும்போது இப்படி எடுத்துச் செல்ல நியூஜெர்சிச் சட்டமும் இடம் தருகிறது.

தெம்பனிஸ் தாத்தா:
டிசம்பர் பயணம்தான் எனக்குக் கவலை தருகிறது, அம்மா. இங்கே சிங்கப்பூரில் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. டெக்சஸில் இருந்தபோது, சுடும் பயிற்சிக்குக் கொண்டுபோன பையையே ஒருமுறை விமானப் பயணத்துக்கும் எடுத்தேன். புறப்படும் முன் அதைக் கட்டிலின் மேல் கவிழ்த்துத் தட்டியபோது, கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து ஒரு 9 எம்எம் தோட்டாவும் சுட்ட தோட்டாக்களின் இரண்டு காலி உறைகளும் விழுந்தன. மூன்று முறை பார்த்த பை அது.

உட்லண்ட்ஸ் அக்கா:
மூவருக்கும் நன்றி. தம்பியிடம் சொல்லிவிட்டேன். பழைய பையை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னான். பரிந்துரைக்கு யாரைக் கேட்பது என்றுதான் இப்போது யோசிக்கிறான்.