சிவப்பு பிளாஸ்டிக் மாடல் கார் பாடிக்கு வெள்ளை பெயிண்ட், யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, நாமளே ஒட்டிச் செய்யற 1/24 அளவு மாடல் கார் கிட் ஒண்ணு கையில இருக்கு, பாடி நல்ல ரத்தச் சிவப்பு பிளாஸ்டிக், ஆனா எனக்கு அது வெள்ளையாத்தான் வேணும். தமியா டிஎஸ்-26 வெள்ளை ஸ்ப்ரே வாங்கி வச்சிருக்கேன். இந்த மாதிரி சிவப்புல இருக்கற சாயம் பெயிண்ட் வழியா ஊறி மேல வந்து வெள்ளையை ரோஸ் ஆக்கிடும்னு தெரியும், அதனால ப்ரைமர் (அடிப் பூச்சு) மட்டும் போதுமா இல்ல நடுவுல சில்வர் ஒரு கோட் அடிச்சு மறைக்கணுமா, செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. உள்பக்கமும் அடிக்கணுமா?

இன்னொண்ணு, சென்னையில இப்ப மழை, காத்துல ஈரம் ஜாஸ்தி. இந்த ஸ்ப்ரே லேக்கர் வகை பெயிண்ட், அது இந்த ஈரத்துல காஞ்சா பால் மாதிரி மங்கிடும், வெள்ளையில அது தெரியாட்டியும் மேல அடிக்கற கிளியர்ல (நிறமில்லாத மேல் பூச்சு) நிச்சயம் தெரியும். ஏசி ரூம்ல அடிக்கலாம்னா நாத்தம், வீட்ல சின்னக் குழந்தை வேற இருக்கு, அந்த ரிஸ்க் வேணவே வேணாம். மொட்டை மாடியில மத்தியானம் வெயில் வர்ற நேரம் பாத்து அடிச்சா சரியா வருமா, இல்ல ஜனவரி வரைக்கும் பொறுக்கறதுதான் நல்லதா?

கண்ணாடி ஒட்ட சூப்பர் க்ளூ தொடமாட்டேன், ஆவி பட்டு பூத்துப் போயிடும், ஃபெவிகால்தான். பெயிண்ட் விஷயம் மட்டும் சொல்லுங்க ப்ளீஸ், போட்டோ இருந்தா இன்னும் நல்லது.