மறு: எபிடிடிமைட்டிஸ் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம். விரையை (ஆணின் விதையை) ஒட்டியுள்ள எபிடிடிமிஸ் என்ற குழல் வீங்கி வலிக்கும் நோய்தான் எபிடிடிமைட்டிஸ். நோயாளிகளுக்கான துண்டறிக்கையில் அதற்கு என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில், வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> மக்கள் நாவில் 'விரைவீக்கம்' இருக்கிறதே ஐயா, புதுச்சொல் எதற்கு?

அந்தச் சொல்லை இதற்குத் தந்துவிடக் கூடாது, ஐயா. விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோசீலுக்கு அது வழங்குகிறது. யானைக்கால் நோய் பரவியிருந்த கடலோர ஊர்களில் நன்கு தெரிந்த சொல். அது பெரும்பாலும் வலியின்றி மெல்ல வளரும். நாம் பேசும் நோயில் ஓரிரு நாளில் ஒரு பக்கம் வலி கூடி, தொட்டால் சுடும். காய்ச்சலும் நீர்க்கடுப்பும் சேர்ந்து வரலாம். ஆகவே 'அழற்சி'யே பொருத்தம்.

உறுப்பின் பெயரில்தான் சிக்கல். கிரேக்கர் விரைகளை 'இரட்டையர்' என்றனர். இரட்டையர்மேல் இருப்பது எபிடிடிமிஸ். இதைப் பார்த்துத்தான் 'விரைமேல்' என்று தொடங்கும் சொற்களை இங்கே சிலர் முன்வைத்தீர்கள். ஆனால் அதன் தலைப்பகுதி மட்டுமே மேலே இருக்கிறது. மீதி விரையின் பின்புறம் ஒட்டியபடி அடிவரை இறங்குகிறது. நீட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர் வரும் ஒற்றைக் குழல் அது! சிலர் சொன்னபடி 'சுருள்குழல்' என்றால், விரைக்குள் விந்தணு உண்டாகும் நுண்குழல்களும் சுருண்டவைதாமே.

இங்கே வந்த இன்னொரு சொல்லான 'முதிர்குழல்' எனக்கும் பிடித்திருக்கிறது. விந்தணு முதிர்ந்து நீந்தும் திறன் பெறுவது அங்கேதான். ஊறுகாய் போல வினைத்தொகையாக நன்றாக அமைகிறது. பாடநூலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். நோயாளிக்கோ வலிக்கும் இடத்தைச் சொல்லும் பெயர் வேண்டும். என் பரிந்துரை: விரையொட்டுக்குழல். நோய், விரையொட்டுக்குழல் அழற்சி. நீளம்தான், புழங்கப் புழங்க 'ஒட்டுக்குழல் அழற்சி' என்று தானே சுருங்கும்.

துண்டறிக்கையில் வைத்துப் பார்ப்போம்:

"இளவயதினருக்கு ஒட்டுக்குழல் அழற்சி பெரும்பாலும் கிளமிடியா, வெட்டை (கொனோரியா) ஆகிய பால்வினைத் தொற்றுகளால் வருகிறது. 35 வயதைக் கடந்தவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையிலிருந்து ஏறும் ஈ.கோலை கிருமியே பெரும்பாலும் காரணம். புராஸ்டேட் வீக்கமும் சிறுநீர் வடிக்கச் செருகும் குழாயும் அதற்கு வழிவிடும். காசநோயாலும் வரலாம். வலி குறைந்ததும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தாதீர்கள். பால்வினைத் தொற்று என்றால் துணைக்கும் சிகிச்சை தேவை. ஆணுறை பயன்படுத்துங்கள், நீர்க்கடுப்பைத் தள்ளிப்போடாதீர்கள்."

தடுமாறாமல் படிக்க முடிகிறது என்றே நினைக்கிறேன்.

> எபிடிடிமைட்டிஸ் என்றே எழுதினால் என்ன குறை?

மருத்துவர்களுக்குள் ஒரு குறையும் இல்லை, அம்மா. நோயாளிக்குத்தான் கூச்சமின்றிச் சொல்லத் தெரிந்த சொல் வேண்டும். பதின்வயதுப் பையனுக்கு நள்ளிரவில் திடீரென விரை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்று வையுங்கள். அது விரை தன்னைத் தாங்கும் நாணில் முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபடுவதாக இருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். தொடக்கத்தில் இந்த முறுக்கமும் ஒட்டுக்குழல் அழற்சியும் ஒன்றுபோலவே தோன்றும். வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது. கூச்சத்தில் அவன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் விடியட்டும் என்று படுத்திருப்பான். அதனால் 'விரைமுறுக்கம்' என்ற சொல்லையும் இப்போதே முடிவு செய்து, திடீர் வலி என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும் என்ற வரியோடு துண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

'முறுக்கம்', 'திருகல்' இரண்டில் எது உங்கள் ஊர்ப்பக்கம் எளிதில் விளங்கும் என்று எழுதுங்கள்.